நாற்பத்திரண்டு பெட்டிகளும் ஓர் ஆயுத பூஜையும்

நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. பழைய அலுவலகத்திலிருந்து நிவேதா மட்டும் அவ்வப்போது அழைப்பாள். போன வாரம் அழைத்தவள், ஏதோ ஒரு கம்பெனியின் இணையதளத்தைப் பற்றி ஒரே உற்சாகமாகச் சொன்னாள். தீப்பற்றும் அபாயம் உள்ள தொழிற்சாலைக்கு எந்த மின்பெட்டி, எந்த சுவிட்ச் போடலாம் என்று அதுவே சொல்லிவிடுகிறதாம். அங்கே என்ன வாயு, எவ்வளவு நேரம் நிற்கும், எந்தச் சூட்டில் தானாகப் பற்றிக்கொள்ளும், மழை படுமா என்று நான்கு கேள்வி. பதிலைத் தட்டினால் பெட்டி படத்தோடு வந்து நிற்கிறதாம்.

“நாலே கேள்விங்க மேடம். இதுக்குப் போயி நீங்களும் செல்வராஜ் சாரும் நாலு நாள் ஃபேக்டரிக்குள்ள நடந்தீங்களாக்கும்” என்று சிரித்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. நான்கும் சரியான கேள்விகள்தான். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, அதை உன் இணையதளம் கேட்காது என்றேன். என்ன அது என்றாள். போனில் சொல்கிற சங்கதி இல்லை, எழுதித் தருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

நான் கோவை சிங்காநல்லூரில் வளர்ந்தவள். டிப்ளமோ முடித்துவிட்டு கணபதி பகுதியில் மின்பெட்டி செய்யும் ஒரு பேனல் போர்டு கம்பெனியில் சேர்ந்தேன். ஆறு வருடம் தகடு, தாமிரப் பட்டை, வரைபடம் என்று போயிற்று. அந்த ஆறு வருடத்தில் கற்றதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: தண்ணீரும் தூசும் உள்ளே போகாத பெட்டிதான் நல்ல பெட்டி. பிறகு செல்வராஜ் சாரின் மின் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் மாதமே அந்த ஒரு வரியையும் மறக்க வேண்டி வந்தது.

ஒரு பெயிண்ட் கம்பெனி. தின்னர் கலக்கும் அறைக்கு சுவிட்ச் பெட்டி தேர்ந்தெடுக்கச் சொன்னார். ரப்பர் வார் வைத்த, அடைமழையில் தொங்கவிட்டாலும் சொட்டு உள்ளே போகாத பெட்டியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, வரைபடத்தை அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். பத்து நிமிடம் பார்த்தார். பேனாவை மூடி வைத்தார்.

“அம்மணி, இன்னொரு தடவ பார்த்துப்போடலாங்களா?”

ஏதோ அனுமதி கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். மூன்று தடவை பார்த்தும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மறுநாள் அவரே கேட்டார்.

“தின்னர் ஆவி இந்தப் பொட்டிக்குள்ள போகுமுங்களா?”

“போகாதுங்க சார்.”

“சுவிட்ச் ஓடுறப்ப பொட்டி சூடாகும். நிறுத்துனா ஆறும். ஆறும்போது வெளிக்காத்த உள்ள இழுக்குமே, அப்ப?”

“கொஞ்சம் போகலாமுங்க.”

“போனதுக்கப்புறம் சுவிட்சப் போட்டா?”

வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். இந்தத் தொழிலின் அடிப்படையே அங்கேதான் இருக்கிறது, படிக்கிறவர்களுக்கும் அதைச் சொல்லிவிடுகிறேன். இம்மாதிரி இடங்களுக்கு எஃப்.எல்.பி. என்று நாங்கள் சொல்லும் கனத்த வார்ப்புப் பெட்டி உண்டு. வாயு உள்ளே போகாது என்று அது நினைப்பதே இல்லை. போகும், பொறி படும், உள்ளே வெடிக்கும் என்றே வைத்துக்கொள்கிறது. வெடிப்பைப் பெட்டி தாங்க வேண்டும். அந்தத் தீ மூடிக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்கு வழியாக வெளியே வருவதற்குள் இரும்பில் பட்டு ஆறிப்போக வேண்டும். அதனால் அந்த இடுக்கில் ரப்பர் கிடையாது, பெயிண்ட் கிடையாது. உலோகமும் உலோகமும் நேராக உட்காரும், நடுவில் கொஞ்சம் கிரீஸ். எங்களுடைய பெட்டிகளுக்கு அந்த இடுக்கு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தீ ஆறாமல் வெளியே வந்துவிடும்.

செல்வராஜ் சார் ‘தப்பு’ என்று சொல்லி இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்டதில்லை. ‘இன்னொரு தடவ பார்த்துப்போடலாங்களா’ என்றால் தப்பு என்று அர்த்தம். பேனாவை மூடிவிட்டுச் சொன்னால் பெரிய தப்பு. இது கோயம்புத்தூரிலிருந்து பவானி வரைக்கும் எல்லா ஆலைக்காரர்களுக்கும் தெரியும். ஆலைக்குப் போனால் முதலாளி அறைக்கு முதலில் போக மாட்டார். சட்டைப் பையிலிருந்து சின்ன பவுடர் டப்பாவை எடுத்து, குழாய் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நின்று ஒரு தட்டுத் தட்டி, பவுடர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்; ஆவியும் அந்தப் பக்கம்தான் போகும். பிறகு சாக்பீசால் தரையில் கோடு போடுவார். எப்போதும் ஆவி நிற்கும் இடம், வேலை நடக்கும்போது வரக்கூடிய இடம், ஏதாவது கோளாறு ஆனால் மட்டும் வரக்கூடிய இடம் என்று மூன்றாகப் பிரிப்பார். மூன்றுக்கும் வேறு வேறு பெட்டி. கோட்டுக்கு வெளியே சாதாரணப் பெட்டியே போதும். அறிக்கையில் கையெழுத்துப் போடும் முன் அதை அங்கே வேலை செய்கிறவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். இதெல்லாம் நேரத்தை வீணாக்குகிற வேலை என்று நான் மனசுக்குள் முணுமுணுத்த காலம் உண்டு.

இனி நான் சொல்ல வந்த விஷயம். ஈரோட்டிலிருந்து பவானி போகும் வழியில் மஞ்சளிலிருந்து சாறு எடுக்கும் ஆலை ஒன்று. மஞ்சளைப் பொடியாக்கி ஒரு கரைப்பானில் ஊற வைப்பார்கள். பிறகு கரைப்பானை ஆவியாக்கிப் பிரித்துவிட்டால், தேன் பதத்தில் நிறமும் மணமும் கொண்ட சாறு மிஞ்சும். பிஸ்கட்டிலிருந்து மருந்து வரைக்கும் அது போகிறது. சிக்கல் கரைப்பானின் ஆவியில்தான். காற்றைவிடக் கனம். தரையோடு ஓடிப் பள்ளத்தில் தங்கும். எரியக் காத்திருக்கும்.

முதலாளி நாச்சிமுத்து மூன்று தலைமுறையாக மஞ்சள் விளைவித்த குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆலை கட்டியபோது அவரே எங்கள் அலுவலகத்துக்கு வந்து வேலையைக் கொடுத்தார். சார் அப்போது தூத்துக்குடியில் வேறொரு வேலையாக இருந்தார். நான் தனியாகச் செய்த முதல் பெரிய வேலை அது. உண்மையைச் சொல்வதானால் பயம். சாக்பீஸ் கோடு போடும் தைரியம் எனக்கு வரவில்லை. கூடம் முழுவதும் அபாயப் பகுதி என்று எழுதி, உள்ளே இருந்த அத்தனைக்கும் எஃப்.எல்.பி. போட்டுவிட்டேன். மொத்தம் நாற்பத்திரண்டு பெட்டி. அதிகமாகப் போட்டால் யார் குறை சொல்லப் போகிறார்கள். பராமரிப்புக் கையேடுகளை ஒரு தடித்த ஃபைலில் கோத்து, முதலாளி கையில் கொடுத்துப் புகைப்படமும் எடுத்துக்கொண்டேன்.

ஏழு வருடம் கழித்து நாச்சிமுத்து ஆலையைப் பெரிதாக்க நினைத்தார். அதற்கு முன் பழைய அமைப்பைச் சோதித்துச் சான்று தர வேண்டும். ஆயுத பூஜைக்காக ஆலையை ஐந்து நாள் நிறுத்திச் சுத்தம் செய்வது அங்கே வழக்கம். கரைப்பானை எல்லாம் வெளியிலிருந்த நிலத்தடித் தொட்டிக்குத் திருப்பி அனுப்பி, கதவுகளைத் திறந்து இரண்டு நாள் காற்றோட விடுவார்கள். சோதனைக்கு அதைவிட நல்ல சமயம் கிடையாது. பூஜைக்கு முந்தின நாள் காலையில் சாரும் நானும் போய் இறங்கினோம்.

வாசலிலேயே பழனிசாமி நின்றிருந்தார். ஆலை தொடங்கிய நாளிலிருந்து அங்கே எலக்ட்ரீசியன். ஐ.டி.ஐ. முடித்தவர், நாற்பது வயது, பேச்சு குறைவு, கைவேலை அவ்வளவு சுத்தம். அவர் கட்டிய கேபிளைப் பார்த்தால் அவிழ்க்க மனசு வராது.

“வாங்க ஸ்டெல்லா மேடம். நீங்க போட்ட பொட்டியெல்லாம் எப்புடி வெச்சிருக்கறேன்னு வந்து பாருங்க” என்று கூட்டிப்போனார்.

மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டுவிட்டு, முதல் பெட்டியின் எட்டு போல்ட்டையும் கழற்றி மூடியை எடுத்துக் காட்டினார். மூடி உட்காரும் விளிம்பு கண்ணாடி போலப் பளபளத்தது.

“மொகமே பார்க்கலாமுங்க மேடம். நீங்க குடுத்தப்ப கிரீசும் கறையுமா இருந்துச்சுங்க. வருசா வருசம் ஆயுத பூசைக்கு கைக்கு எட்டறதையெல்லாம் கழட்டி உப்புத்தாள் போட்டு நல்லாத் தேச்சுப்போடுவனுங்க. ரெண்டு வருசமா மூடிய வெளிய ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோயி மெருகேத்தற பஃப் வீல்லயும் புடிக்கறனுங்க.”

அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். என் பெட்டிகளை ஒருவர் இவ்வளவு அருமையாக வைத்திருக்கிறாரே என்று. அடுத்த நொடி ‘உப்புத்தாள்’ என்று அவர் சொன்னது உறைத்தது. திரும்பி சாரைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையில் பவுடர் டப்பாவைத் தேடவில்லை. என்னிடம் கையை நீட்டி ஃபீலர் கேஜ் கேட்டார்.

தெரியாதவர்களுக்கு: ஃபீலர் கேஜ் என்பது மடக்குக் கத்தி மாதிரி ஓர் உறைக்குள் இருக்கும் மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றும் ஒரு கனம். எந்தத் தகடு நுழைகிறதோ இடுக்கு அவ்வளவு. மூடியைத் திரும்பப் போட்டு எட்டு போல்ட்டையும் சரியாக முறுக்கச் சொன்னார். பத்தில் இரண்டு பங்கு கனமுள்ள தகட்டை விளிம்பில் வைத்தார். இடுக்கு சரியாக இருந்தால் அது நுழையக் கூடாது. ஒரு மூலையில் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. இரண்டாவது பெட்டியிலும் போயிற்று. மூன்றாவதில் மூன்று மூலைகளில் போயிற்று. ஆறு ஆயுத பூஜை தேய்த்ததில் விளிம்பு மழுங்கிவிட்டது. பார்க்க அழகு, தீயை ஆற்றுகிற இரும்புதான் இல்லை.

சார் குறித்துக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டு, “இன்னொரு தடவ பார்த்துப்போடலாங்களா” என்றார். பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஃபீலர் கேஜைப் பழனிசாமி கையில் கொடுத்தார். இடுக்கு எதற்கு, தகடு ஏன் நுழையக் கூடாது என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னார். “மிச்சத்த நீங்களே பாருங்க” என்றார்.

மீதி முப்பத்தொன்பதையும் பழனிசாமிதான் பார்த்தார். அவர் பார்த்த முதல் இரண்டு பெட்டி வரைக்கும் அவருக்கு முழுசாகப் புரியவில்லை. மூன்றாவது பெட்டியில் தகடு நுழைந்தபோது கை நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. நுழைந்தால் “போச்சுங்க” என்பார், நான் மூடியில் வட்டம் போடுவேன். நுழையாவிட்டால் “நிக்குதுங்க” என்பார், டிக் போடுவேன். எங்கேயாவது லேசாக மாட்டி நின்றால் தகட்டை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்து, தானே “இதும் போச்சுங்க” என்றார். மதியம் சாப்பாட்டுக்கு வரவில்லை. மொத்தம் முப்பத்தொரு வட்டம். பதினொரு டிக். டிக் வாங்கியவை எல்லாம் தூண் உச்சியில், சாரம் கட்டி ஏறினால் மட்டும் எட்டும் இடத்தில், ஏழு வருட அழுக்கோடும் கிரீசோடும் இருந்தவை.

முதலாளி அறைக்குப் போனோம். மேஜை மேல் பூஜைச் சாமான்கள் அடுக்கியிருந்தன. விஜயதசமி காலை நல்ல நேரத்தில் ஆலையை ஓட்ட வேண்டும், அறுபது பேர் வேலைக்கு வருகிறார்கள், அனுப்ப வேண்டிய சரக்குக்குத் தேதி குறித்தாகிவிட்டது. சார் விஷயத்தைச் சொன்னார். நாச்சிமுத்துவுக்கு நம்ப முடியவில்லை.

“ஏனுங்க சார், ஏழு வருசமா ஓடுதுங்களே. ஒண்ணும் ஆகலீங்களே?”

“ஓடுச்சுங்க. இந்த ஏழு வருசத்துல ஒரு பொட்டிக்குள்ளகூட பத்திக்கல, அவ்வளவுதானுங்க. பத்தியிருந்தா நாம இங்க உக்காந்து பேசிட்டிருக்க மாட்டோமுங்க.”

சத்தமே போடாமல் சொன்னார். பிறகு நாச்சிமுத்துவின் கோபம் கதவோரம் நின்றிருந்த பழனிசாமி மேல் திரும்பியது. “உன்ன நம்பி ஆலைய உட்டேன் பாரு. அறுவது பேர்த்தக் கொல்லப் பார்த்தியே. கணக்க முடிச்சுக்கிட்டுப் போயிரு.”

“நான் போயிக்கறனுங்க” என்றார் பழனிசாமி. “ஆனா அந்தப் பொட்டியோட ஓட்டிப்போடாதீங்க. உள்ளாற நம்ம பசங்க இருக்கறாங்க.”

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை. இன்னொரு தயக்கமும் இருந்தது. நான் சர்ச்சுக்குப் போகிறவள். பொரியும் சுண்டலும் சாப்பிடாத ஆயுத பூஜை என் வாழ்க்கையில் கிடையாது. ஆனாலும் பூஜைக்குச் செய்த வேலையால்தான் கெட்டது என்று என் வாயால் சொன்னால் அது வேறு மாதிரி காதில் விழுமோ என்ற பயம். நாச்சிமுத்துவின் நாற்காலிக்குப் பின்னால் பீரோ இருந்தது. கண்ணாடிக் கதவுக்குள் நான் கொடுத்த தடித்த ஃபைல், கொடுத்த நாளில் கட்டிய நாடாவோடு அப்படியே இருந்தது. அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எழுந்து போய் அதை எடுத்துப் பிரித்தேன். ஐம்பத்து மூன்றாம் பக்கம். விளிம்பைத் தேய்க்கக் கூடாது, உப்புத்தாள் படக் கூடாது, துணியால் துடைத்து கிரீஸ் தடவ வேண்டும் என்று ஆங்கிலத்தில் நாலு வரி. அதைத் தமிழில் சொன்னேன்.

“அண்ணா, பூசை தப்பில்லீங்க. சுத்தம் பண்ணுனதும் தப்பில்லீங்க. இந்த நாலு வரிய பழனிசாமிகிட்ட நான் சொல்லல. அவர் பேரக்கூட அன்னைக்கு நான் கேட்டுக்கலீங்க. ஃபைல உங்க கையில குடுத்துப்போட்டு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். யாராச்சும் போகோணும்னா நாந்தானுங்க போகோணும்.”

ஃபைலை அவரிடம் நீட்டினேன். அவமானமாக இருந்தது. நாச்சிமுத்து ஃபைலை வாங்கி, ஏழு வருடமாகத் தானும் அவிழ்க்காத அந்த நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சார்தான் மெதுவாகப் பேசினார்.

“முப்பத்தொண்ணு போச்சுங்க. போனதுல ஒண்ணக்கூட அவர் மறைக்கலீங்க. நாங்க பாக்காத எடத்துலயும் அவரே ‘போச்சு’ன்னாருங்க. இப்பேர்ப்பட்ட ஆள அனுப்பிச்சுப்போட்டு புதுசா ஒருத்தர எங்க போயித் தேடுவீங்க?”

நாச்சிமுத்து ஃபைலை மூடினார். பழனிசாமியைப் பார்க்காமலே, “போயி மொதல்ல சாப்புடு. காலைல இருந்து பட்டினியாமா” என்றார். அது மன்னிப்பா கட்டளையா என்று தெரியவில்லை. பழனிசாமி போனார்.

அடுத்த சிக்கல் பெரிது. முப்பத்தொரு பெட்டியும் ஒரே சமயத்தில் எங்கும் கிடைக்காது. செய்து வர மாதக் கணக்கில் ஆகும். சார் சாக்பீஸை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஏழு வருடத்துக்கு முன் நான் போடாத கோட்டை அன்று சாயங்காலம் போட்டேன். ஊற வைக்கும் தொட்டிகளின் வாய், குழாய் இணைப்புகள், பம்புப் பள்ளம் என்று ஒவ்வொன்றிலிருந்தும் அளந்து அளந்து போட்டேன். அவர் பவுடர் டப்பாவோடு முன்னால் போனார். சாப்பிட்டுவிட்டு வந்த பழனிசாமி அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருந்த சில விஷயங்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. வடக்கு ஜன்னலை மழைக்காலத்தில் சாத்திவிடுவார்கள் என்றும், மூன்றாவது பம்பில் வருடத்துக்கு ஒரு தடவையாவது சீல் ஒழுகும் என்றும் சொன்னார். இரண்டு இடத்தில் என் கோட்டை அழித்து வெளியே தள்ளிப் போட்டேன்.

பிறகு வட்டம் போட்ட ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் மூவரும் நின்றோம். இது இங்கே ஏன் இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி. விளக்கு சுவிட்சுகள் ஏன் உள்ளே இருக்க வேண்டும், வெளிச்சுவரில் இருக்கலாம். கன்வேயரை நிறுத்த மூன்று இடத்தில் பொத்தான் எதற்கு, ஒன்று போதும், மற்ற இரண்டும் நிற்பவர்களின் வசதிக்காக வைத்தவை. மோட்டார் ஸ்டார்ட்டர்கள் கோட்டுக்கு வெளியே மின் அறைக்கே போகலாம். எண்ணி முடித்தபோது முப்பத்தொன்றில் பத்தொன்பது பெட்டி அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பயத்தில் நான் கொண்டுவந்து வைத்தவை. எந்தப் பெட்டி நல்லது என்று ஏழு வருடத்துக்கு முன் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பெட்டியே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வு என்று அன்றுதான் உறைத்தது.

மீதி பன்னிரண்டு பெட்டி தயார் நிலையில் கிடைத்தது, பத்து நாளில் வரும் என்றார்கள். நாச்சிமுத்துவுக்கு அப்போதும் விஜயதசமிதான் மனசில். நல்ல நாளில் ஓட்டாமல் போனால் வருடம் முழுக்க உறுத்தும் என்றார். சார் அதைக் கேலி செய்யவில்லை. ஆலையின் கடைசிப் பக்கம் கை காட்டினார்.

“பாய்லர் அந்தக் கடைசியில இருக்குதுங்களே, கோட்டுக்கு ரொம்ப வெளிய. தண்ணிய ஊத்தி நல்ல நேரத்துல பாய்லர மட்டும் ஏத்திப்போடலாங்களே. ஆலை ஓடுச்சுன்னுதான அர்த்தம்?”

நாச்சிமுத்து அன்று முதல் முறையாகச் சிரித்தார். விஜயதசமி காலையில் பாய்லருக்குக் கற்பூரம் காட்டி, ஆவி எழுப்பி, அறுபது பேருக்கும் பொங்கல் கொடுத்தார்கள். கூடத்துக்குள் ஒரு சொட்டுக் கரைப்பான் வரவில்லை. சரக்கு பன்னிரண்டு நாள் தாமதமாகப் போயிற்று. வாங்குபவர்களிடம் நாச்சிமுத்துவே போனில் காரணத்தைச் சொன்னாராம். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, அடுத்த சரக்கையும் கேட்டார்கள்.

புதுப் பெட்டிகள் வந்தபோது நான் ஃபைல் கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு மூடிக்கு வெளியேயும் ஒட்டுவதற்குத் தமிழில் நாலு வரி எழுதிக்கொண்டு போனேன். ‘தீச்சுடர்ப் பாதையைச் சிராய்க்காதீர்’ என்பது என் முதல் வரி. பழனிசாமி அதைப் படித்துவிட்டு, அவருக்கே உரிய மரியாதையோடு, “இன்னொரு தடவ பார்த்துப்போடலாங்களா மேடம்” என்றார். சாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பழனிசாமி சொல்லச் சொல்ல நான் திருத்தி எழுதினேன். ‘மூடி உட்காரும் இடத்தில் உப்புத்தாள் போடாதே. துணியால் துடை. கிரீஸ் தடவு. எல்லா போல்ட்டையும் பூட்டு.’ கீழே அவர் பெயரையும் போடச் சொன்னேன், வெட்கப்பட்டு மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை எத்தனையோ ஆலைகளுக்குப் பெட்டி தேர்ந்தெடுத்தேன். நான்கு கேள்விகளையும் கேட்பேன். பிறகு, “இதத் தொறக்கப் போறவர் யாருங்க, கொஞ்சம் கூப்பிடுங்க” என்பேன். எப்போது திறப்பீர்கள், எதற்குத் திறப்பீர்கள், கையில் என்ன வைத்திருப்பீர்கள் என்று அவரிடம் கேட்பேன். அதற்குப் பிறகுதான் பெட்டி. நிவேதா, அதுதான் அந்த ஐந்தாவது கேள்வி. இணையதளத்தை நீ தாராளமாக வைத்துக்கொள், நல்ல சாமான்தான். அது தேர்ந்தெடுத்த பெட்டியைத் திறக்கப்போகிறவரின் பெயரை மட்டும் நீ தெரிந்துகொள்.

இந்த வருடமும் ஆயுத பூஜைக்கு அங்கிருந்து அழைப்பு வந்தது. அந்த ஆலையில் இப்போது பழனிசாமியிடம் சொல்லாமல் ஒரு மூடியும் கழற்ற முடியாது, முதலாளியானாலும். போனேன். கூடத்தில் எல்லாப் பெட்டிகளும் மூடியபடியே, வெளிப்பக்கம் மட்டும் துடைத்து, மூடியின் நடுவில் சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. விளிம்புப் பக்கம் ஒரு துளி படவில்லை. வாழையிலையில் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால், செவ்வந்திப்பூ சுற்றி, ஒரு ஃபீலர் கேஜ் தகடுகளை விரித்தபடி இருந்தது. உறை மேல் பெரிய பொட்டு. தகடுகள் மட்டும் வெறுமையாக இருந்தன.

“தகட்டுக்குப் பொட்டு வைக்கலீங்களா பழனிசாமி?” என்று கேட்டேன்.

பொரித் தட்டை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்.

“குங்குமத்துக்கும் ஒரு கனம் இருக்குதுங்களே மேடம். அளவு மாறிப்போகுமுங்க.”